தண்ணி நண்டு

நண்டுக் கம்பெனியில் என் வேலை
அமுக்கிப் பார்ப்பது.
தராசில் போடும் முன்
காலின் மேல்கணுவில்
கட்டைவிரலால் ஒரு அழுத்து.
கல்லாக நின்றால் சதை.
பொதுக்கென்று உள்ளே போனால்
தண்ணி நண்டு.
ஓடு கழற்றிப் புது ஓடு போட்டது,
எடை காட்டும், உள்ளே ஒன்றும் இருக்காது.
பாதி விலை.
பன்னிரண்டு வருஷத்தில்
தராசை நான் முழுசாய் நம்பியதில்லை,
அந்த ஒரு தடவை தவிர.

ஐப்பசியில் அடைக்கலத்துக்குக்
கைலி இடுப்பில் நிற்கவில்லை.
தொப்பை போட்டுட்டான்,
பொண்டாட்டி கைப்பக்குவம் என்று
பாம்பன் தெற்குவாடிக் கரையில் சிரித்தார்கள்.
உள்ளுக்குள் எனக்கும் கொஞ்சம் பெருமை.
ஐஸ் கம்பெனித் தராசில் விளையாட்டாய் ஏறினான்:
எழுபத்தொன்று.
கல்யாணத்தன்றும் அதே எழுபத்தொன்று.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
கீழக்கரைப் பெண், ஜமீலா என்று பெயர்,
அவன் கணுக்காலுக்கு மேலே
கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.
விரலை எடுத்தாள்.
குழி அப்படியே இருந்தது.
அவள் வாய் திறக்கும் முன்னே
என் விரல் புரிந்துகொண்டு
முந்தானைக்குள் மடங்கியது.

குடிப்பாரா என்று கேட்டாள்.
இல்லை என்றேன்.
எழுதிக்கொண்டே இன்னொரு முறை கேட்டாள்.
ரத்தத்தில் பழைய கிருமி,
எப்போது வந்ததென்று யாருக்கும் தெரியாது
என்று ரிப்போர்ட் வந்த பிறகு
மூன்றாம் முறை கேட்கவில்லை.
ஊர் இன்னும் கேட்கிறது.

தையல்காரன் டேப்
தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றியது.
இருபத்தொன்றரை.
"வயித்துத் தண்ணி தராச ஏமாத்தும்க்கா,
இந்த எடத்த ஏமாத்தாது."
பிறகு கையில் ஒரு இரும்புப் பிடி கொடுத்தாள்.
முழு பலத்தோட அமுக்குங்கண்ணே.
கயிறு சுற்றி ஒரே இழுப்பில்
இன்ஜினை உறும வைத்தவன்
பல்லைக் கடித்தான், கழுத்து நரம்பு புடைத்தது,
முள் பதினாலில் நடுங்கி நின்றது.
இடது கை பதிமூன்று.
மறுபடி ஒரு தரம் என்றபோது
"மெஷின் சரியில்லம்மா" என்றான்.
அவளும் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்
அவனுக்காக.

மறுநாள் வயிற்றில் ஊசி வைத்து
ஐந்து லிட்டர் இறக்கினார்கள்,
படகுக்கு மண்ணெண்ணெய் வாங்கும்
அதே அளவுக் கேன்.
கள்ளின் நிறம்.
குடிக்காதவனுக்கு இதிலும் ஒரு கேலி.
போர்வையை விலக்கிப் பார்த்தேன்.
தோள்பட்டையில் கோப்பை வைக்கலாம் போல் குழி,
தொடை இரண்டும் துடுப்புக் கம்பு.
இத்தனை நாள் என்னோடு படுத்தவனை
தண்ணீர் மூடி வைத்திருந்தது.
ஈரல் கெட்டதற்கு
கைச்சதை வட்டி கட்டிக்கொண்டிருந்தது,
தவணை தவறாமல்.

மச்சினன் வந்தான்:
கவிச்சி கூடாது, கஞ்சி மட்டும், பத்தியம்.
ஜமீலாவுக்குப் போன் போட்டேன்.
"வெறுங்கஞ்சி குடிச்சா
உடம்பு அதோட சதைய அதுவே திங்கும்.
மீன் குடுங்க, முட்டை குடுங்க, உப்பக் குறைங்க.
ராத்திரி பத்து மணிக்கு ஒரு வாய்
கட்டாயம் உள்ள போகணும்."
உப்பைக் குறைக்கவாம்.
சுவரில் உப்புப் பூக்கிற வீட்டில்
உப்பில்லாத மீனை வாயில் வைத்து
அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

வீட்டில் டேப் இல்லை.
வலை பொத்தும் நைலான் நூல் இருந்தது.
ஞாயிறு பூசை முடிந்து வந்ததும்
கவிழ்த்த மீன்பெட்டியில் உட்கார்ந்து
சட்டைக் கையைச் சுருட்டி நீட்டுவான்.
சுற்றி, தொடும் இடத்தில் முடிச்சு.
முதல் மாதம் முடிச்சுகள்
ஒன்றுக்குள் ஒன்றாய் உள்ளே ஏறின.
அவனிடம் சொல்லவில்லை, நூலைச் சுருட்டி
அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

இன்று சுற்றினேன்.
போன வார முடிச்சின் மேலேயே
நூல் வந்து உட்கார்ந்தது.
அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.
அங்கேயேதான்.

"என்ன மால்? ஏ கிரேடா, பி கிரேடா?"
என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பழக்க தோஷம்,
கட்டைவிரலால் அவன் புஜத்தை அமுக்கினேன்.
வலிக்குதுடி என்றான்.

மணி பத்தாகப் போகிறது.
முட்டை வெந்துகொண்டிருக்கிறது,
தட்டுத் தட்டென்று பாத்திரத்தின் ஓரத்தில்.